கப்பல் வரும், வாழ்வு வருமா?

"உங்கள் தீவு இன்னொரு சிங்கப்பூர் ஆகப் போகிறதாமே!"

விடுதியில் என்னோடு உணவருந்தும் நண்பர்கள் இப்படிக் கேட்காத வாரம் இல்லை. அந்தமானிலிருந்து படிக்க வந்தவன் என்று தெரிந்தால் முன்பெல்லாம் சிறைச்சாலையைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது துறைமுகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்வி மாறியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சோறு ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடை என்னிடம் இல்லை. ஆகையால்தான் நம் மன்ற இதழில் சில பக்கங்களை ஆசிரியரிடம் கேட்டுப் பெற்றேன். மாணவ நண்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும்; படித்தபின் மறுக்கத் தோன்றினால் தாராளமாக மறுக்கவும் வேண்டும்.

முதலில், நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது போர்ட் பிளேரில். 2024 செப்டம்பரில் அவ்வூருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். என் தந்தையாருக்குக் காய்கறிக் கடை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னையிலிருந்து வரவேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் நான்கு நாள் தாமதமானால் மூட்டையில் பாதி அழுகிவிடும்; மிச்சப் பாதியின் விலை ஏறிவிடும். வாங்குபவர்கள் எங்களைத் திட்டுவார்கள். கப்பற்கூலி என்ற சொல்லைப் பாடநூலில் படிக்குமுன்பே அப்பாவின் கணக்கு நோட்டில் படித்தவன் நான்.

என் தாயார் பிறந்தது அதற்கும் தெற்கே, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கிரேட் நிக்கோபார் தீவின் காம்பெல் பேயில். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முந்நூறுக்கு மேல் அத்தீவில் குடியேற்றப்பட்டன. பஞ்சாபியர், மராத்தியர், மலையாளிகள், தெலுங்கர் ஆகியோரோடு நம் தமிழரும் சென்றனர். அவர்களுள் ஒருவர் என் தாத்தா. காட்டை வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்த தலைமுறை அது. இப்போது அந்த நிலத்தில் இருப்பவர் என் மாமா. பேசப்படும் திட்டத்திற்குத் தேவையான நிலங்களில் குடியேறிகளின் நிலமும் உண்டு.

சென்ற விடுமுறையில் மாமாவைக் கண்டு பேசினேன். நிலம் போகிறதே என்று வருந்துவார் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் சொன்னது வேறு.

"வரட்டும் மாப்பிள்ளை, துறைமுகம் வரட்டும். உன் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தபோது ஹெலிகாப்டருக்காக இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பாக்கைக் காயவைத்து மூட்டை கட்டினால் ஏற்றக் கப்பல் இல்லை. துறைமுகம் வந்தால் கப்பல் வரும் அல்லவா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அதற்கான விடைதான்.

திட்டம் இன்னதென்று சுருக்கமாகச் சொல்கிறேன். நிதி ஆயோக்கின் முயற்சியில் உருவாகி, 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் இது. அதில் நான்கு உறுப்புகள்: கலத்தியா விரிகுடாவில் பெட்டகச் சரக்குகளைக் கப்பல் மாற்றும் துறைமுகம், ஒரு விமான நிலையம், ஒரு மின் நிலையம், ஒரு புதிய நகரம். முதல் மதிப்பீட்டில் இவை அனைத்துக்கும் ஆகும் செலவு சுமார் 72,000 கோடி ரூபாய். துறைமுகம் மட்டும் 41,000 கோடி என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது. முதற்கட்டத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் இருபதடிப் பெட்டகங்கள்; எல்லாக் கட்டங்களும் முடிந்தால் 160 லட்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 8,000 பேர் இருந்த தீவில், இறுதியில் மூன்றரை லட்சம் பேர் வாழ்வார்கள் என்பது கணிப்பு.

திட்டத்தை ஆதரிப்போர் சொல்லும் காரணம் வலுவற்றதன்று. அதை நேர்மையாக எடுத்து வைக்காமல் மறுப்பது மாணவனுக்கு அழகாகாது. பெருங்கப்பல்கள் எல்லாத் துறைமுகத்துக்கும் வருவதில்லை. ஆழமான ஓரிடத்தில் பெட்டகங்களை இறக்கும். சிறு கப்பல்கள் அவற்றை எடுத்துச் சென்று மற்ற ஊர்களில் சேர்க்கும். நம் நாட்டுச் சரக்கில் இவ்வாறு கப்பல் மாறும் பகுதியில் ஏறத்தாழ 75 விழுக்காடு அயல்நாட்டுத் துறைமுகங்களில்தான் மாறுகிறது. அதிலும் 85 விழுக்காட்டுக்கு மேல் கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் ஆகிய மூன்றிலேயே நடக்கிறது. ஆண்டுக்கு 20 முதல் 22 கோடி டாலர் வரை இதில் மிச்சம் பிடிக்கலாம் என்பது அரசின் கணக்கு. கலத்தியாவில் இயற்கையாகவே 20 மீட்டருக்கு மேல் ஆழம் உண்டு. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் உலகப் பெருவழி அங்கிருந்து சுமார் 40 கடல் மைல்தான். நம் வீட்டு வாசலில் போகும் வண்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சுங்கம் வாங்குவதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் வழியில் இருப்பது ஒன்று. வாணிகத்தில் பங்கு பெறுவது மற்றொன்று. நிக்கோபாரின் வரலாறு முழுவதும் இந்த வேறுபாட்டின் வரலாறே.

இராசேந்திர சோழனின் கடற்படை சுமார் 1025இல் கடாரம் நோக்கிச் சென்றதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. அது வரிசைப்படுத்தும் இடங்களுள் மாநக்கவாரமும் ஒன்று. நக்கவாரம் என்பது நிக்கோபார். நம் மேடைகளில் இதை முழங்காத பேச்சாளர் இல்லை. பெருமை கொள்வதில் தவறில்லை. எனினும், அந்தக் கப்பல்கள் நக்கவாரத்தானுக்கு என்ன கொண்டுவந்தன, என்ன கொண்டுபோயின என்று யாரும் கேட்பதில்லை. சோழனுக்குப் பின் வந்தவர்களையும் நாம் அவ்வாறு கேட்டதில்லை.

நிக்கோபாரியர் கடலுக்கு அஞ்சி ஒதுங்கிய மக்கள் அல்லர். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கப்பல்களுக்குத் தேங்காய் விற்றுத் துணியும் இரும்பும் அரிசியும் வாங்கிய வாணிகர்கள் அவர்கள். பொருளின் விலையைத் தேங்காய்க் கணக்கில் சொன்னார்கள். இன்று 'வட்டார வாணிக இணைப்பு' என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது அவர்கள் நாள்தோறும் செய்துவந்த தொழில். அதற்கு உடன்படிக்கையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

அயல்நாட்டு மூலதனமும் அங்கே புதிதன்று. நம் தரங்கம்பாடியில் இருந்த டேனியர் 1756இல் அத்தீவுகளைத் தமதென்று அறிவித்தனர். தரங்கம்பாடியிலிருந்தே அவற்றை ஆண்டனர். முதற்குடியேற்றம் வைத்தது இதே கிரேட் நிக்கோபாரில்தான். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. மீண்டும் மீண்டும் முயன்று தோற்று, 1868இல் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கடலோரம் ஒரு வரைபடத்தை விரித்து, வழி இதுதான், செல்வம் இதோ என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். தீவைப் பற்றித் தீவு மக்களைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

விடுதலைக்குப் பின் நம் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 1956இல் பழங்குடி மக்கள் பாதுகாப்பு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. காப்பகப் பகுதியில் வெளியார் நிலம் பெறவும் உரிமம் இல்லாமல் வாணிகம் செய்யவும் அது தடை விதித்தது. நிக்கோபாரியர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கொப்பரையையும் பாக்கையும் தாமே விற்கத் தொடங்கினர். வாணிகத்தை நிறுத்துவதற்காக வந்ததன்று அந்தச் சட்டம். தராசு யார் கையில் என்பதை அது மாற்றியது. நான் இக்கட்டுரையில் சொல்ல வந்ததும் இது ஒன்றுதான்: அயல் மூலதனம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் பயனற்றது, தராசு யார் கையில் என்பதே கேள்வி.

இப்போது கலத்தியாவின் தராசைப் பார்ப்போம்.

கப்பல் மாற்றும் துறைமுகத்தில் நடப்பதென்ன? ஒரு கப்பலிலிருந்து பெட்டகத்தைத் தூக்குகிறார்கள், முற்றத்தில் வைக்கிறார்கள், வேறொரு கப்பலில் ஏற்றுகிறார்கள். பெட்டகத்தைத் திறப்பதில்லை. உள்ளிருப்பது சட்டையா, சர்க்கரையா என்று துறைமுகத்தில் உள்ளவனுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பெட்டகம் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போகும். வழியில் லாரிக்காரன் முதல் டீக்கடைக்காரன் வரை பிழைப்பார்கள். கலத்தியாவுக்கு வரும் பெட்டகம் தீவுக்குள் ஓர் அடி எடுத்து வைக்காது. அதைத் தூக்கும் பாரந்தூக்கிகளிலும் மனிதக் கை வரவரக் குறைகிறது. 2025 மே 2 அன்று முறைப்படி தொடங்கி வைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் தொலைவில் அமர்ந்தே இயக்குகிறார்கள்.

அரசின் 2023 அறிவிப்பின்படி, துறைமுகத்தை நடத்தும் தனியாருக்கு 30 முதல் 50 ஆண்டு உரிமை. கட்டணம் விதிக்கவும், வசூலிக்கவும், வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை. அவர் உள்நாட்டவராகவும் இருக்கலாம், அயல்நாட்டவராகவும் இருக்கலாம். துறைமுகங்களில் நூற்றுக்கு நூறு அயல் முதலீட்டை நம் நாடு அனுமதித்துள்ளது. வசூலிப்பதில் ஒரு பகுதி மத்திய அரசுக்கு வரும். தீவு மக்களுக்கு என்று சட்டப்படி ஒதுக்கிய பங்கு இன்னது என்று அந்த அறிவிப்பில் நான் தேடினேன், காணவில்லை.

மூலதனத்தின் இயல்பு இன்னொன்றும் உண்டு. பெட்டகத்துக்குச் சொந்த ஊர் கிடையாது. சிங்கப்பூரே இதை அனுபவித்தது. 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம், பல ஆண்டு உறவை முறித்துக்கொண்டு எதிர்க்கரையில் மலேசியாவின் தஞ்சோங் பெலப்பாசுக்குப் போயிற்று. அங்கே கட்டணம் குறைவு. துறைமுகத்தில் பங்கும் கிடைத்தது. 2002இல் தைவானின் எவர்கிரீன் பின்தொடர்ந்தது. நம் நாட்டிலும் கொச்சி வல்லார்பாடம் முனையத்தை 2011இல் திறந்தபோது, கொழும்பின் சரக்கெல்லாம் இங்கே வந்துவிடும் என்றார்கள். நடத்தியது துபாய் நிறுவனம், திறமைக்குக் குறைவில்லை. எனினும் கொழும்பு கொழும்பாகவே இருந்தது. அம்பாந்தோட்டையின் கதை நீங்கள் அறிந்ததே. சீனக் கடனில் கட்டி, 2010இல் திறந்து, கப்பல் போதிய அளவில் வராமல், 2017இல் சீன நிறுவனத்துக்கே 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். உலகப் பெருவழி அம்பாந்தோட்டைக்கு மிக அருகில்தான் போகிறது. அருகில் போனால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விழிஞ்ஞத்தை நடத்துவது அதானி குழுமம். கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தில் 51 விழுக்காடு வைத்திருப்பதும் அதே குழுமம். அம்முனையம் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. கொழும்பிடமிருந்து சரக்கை மீட்க விழிஞ்ஞம், சரக்கை ஈர்க்கக் கொழும்பு. இரண்டிலும் ஒரே முதலாளி. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாணிகன் எந்தத் துறையில் இலாபம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்வான். அது அவன் தொழில். ஆனால் 'நம் நாட்டுத் துறைமுகம், அயல்நாட்டுத் துறைமுகம்' என்று கொடி பிடித்துப் போடும் கணக்கு மூலதனத்தின் ஏட்டில் இல்லை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். விழிஞ்ஞம், கொழும்பு இரண்டோடும் போட்டியிட வேண்டிய மூன்றாவது துறைதான் கலத்தியா.

அப்படியானால் சிங்கப்பூர் எப்படி உயர்ந்தது என்று கேட்பீர்கள். வழியில் இருந்ததால் மட்டும் உயரவில்லை. 1960இல் வீடமைப்பு வாரியம், 1961இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம், 1964இல் துறைமுக ஆணையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார்கள். அயல் மூலதனத்தை இருகை நீட்டி அழைத்தார்கள். ஆனால் மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசியது அவ்வூர் அரசு. துறைமுகம் அரசின் கையில் இருந்தது. கப்பல் பழுதுபார்த்தல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வங்கி, காப்பீடு என்று பெட்டகத்தைச் சுற்றி ஆயிரம் தொழில் வளர்த்தார்கள். தஞ்சோங் பகாரில் மூட்டை சுமந்த தமிழனின் பேரன் வழக்கறிஞனாகவும் பொறியாளனாகவும் ஆகிய கதை அது. சிங்கப்பூரைக் காட்டி எங்களுக்கு ஆசை காட்டுவோர், அந்த மேசையையும் நாற்காலியையும் ஏன் காட்டுவதில்லை?

எங்களுக்கு அந்த நாற்காலி இல்லை. அந்தமான் நிக்கோபார் மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதி. சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்ற மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். 2022இல் விழிஞ்ஞத்து மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். கேரள அரசு அவர்களோடு பேச வேண்டியதாயிற்று. கொழும்பிலே கிழக்கு முனையத்தை அயலாருக்குக் கொடுக்கத் தொழிலாளர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. சரியா தவறா என்பது வேறு வழக்கு. பேசுவதற்கு அங்கே ஆள் இருந்தது. எங்கள் தீவிலே திட்டத்தை முன்னெடுப்பது நிருவாகத்தின் கீழுள்ள ஒரு கழகம். அனுமதி கேட்பதும் நிருவாகம், மக்கள் இசைந்தார்கள் என்று சான்று தருவதும் நிருவாகம்.

இருந்த ஒரே குரல் நிக்கோபாரியரின் பழங்குடி மன்றம். 2022 ஆகஸ்டில் தடையில்லை என்று எழுதிக் கொடுத்த அம்மன்றம், விவரங்கள் தமக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று கூறி அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவர்களுடைய கடற்கரைச் சிற்றூர்கள் அழிந்தன. தீவின் தென்முனை நான்கு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. உயிர் பிழைத்தவர்களைக் காம்பெல் பே அருகே குடியமர்த்தினார்கள். எங்கள் மண்ணுக்குத் திரும்புகிறோம் என்று அவர்கள் அன்று முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மண்ணின் ஒரு பகுதி இப்போது திட்டத்தின் வரைபடத்தில் இருக்கிறது. காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கில் 229 பேர். அவர்களிடம் யார் எந்த மொழியில் கேட்டார்கள்?

130 சதுர கிலோமீட்டருக்கு மேல் மழைக்காடு இத்திட்டத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. ஈடாக மரம் நடுவது ஹரியானாவில்! கலத்தியாவின் மணலில் முட்டையிட வரும் பேராமைகளுக்காக 1997இல் அமைத்த சரணாலயத்தை 2021 ஜனவரியில் நீக்கினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் அனுமதியை நிறுத்த மறுத்தது. ஆனால் சில ஐயங்களை ஆராய ஒரு குழு அமைத்தது. இவற்றை விலங்கியல் துறை நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள் என்பதால் சுருக்கமாக விடுகிறேன். பொருளியல் மாணவனாக ஒன்று மட்டும் சொல்வேன்: விலை போடாத பொருளை இலவசம் என்று எழுதும் கணக்கு, கணக்கே அன்று.

"தம்பி, இது வாணிகமன்று, நாட்டின் பாதுகாப்பு" என்று ஓர் ஆசிரியர் எனக்கு எடுத்துரைத்தார். மலாக்கா வாயிலில் நாம் இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 2012 முதல் காம்பெல் பேயில் கடற்படைத் தளம் இருக்கிறது. அதனால் எங்களுக்கு நன்மையே. ஆனால் பாதுகாப்புக்கான செலவென்றால் பாதுகாப்புக் கணக்கில் எழுதுங்கள். நாடு மனமுவந்து கொடுக்கும். வாணிகம் என்றால் வாணிகக் கணக்கைக் காட்டுங்கள். நாங்கள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். இலாபம் வருமா என்று கேட்டால் பாதுகாப்பு என்றும், பாதுகாப்புக்கு மூன்றரை லட்சம் பேர் நகரம் எதற்கு என்று கேட்டால் வாணிகம் என்றும் விடை சொல்வது தகுமா?

வட்டார இணைப்பைப் பற்றிப் பேசுவோருக்கும் ஒரு சொல். 1997இல் வங்கக் கடல் நாடுகளின் கூட்டமைப்பாகிய பிம்ஸ்டெக் தோன்றியது. 2010 முதல் ஆசியான் நாடுகளோடு நமக்குச் சரக்கு வாணிக உடன்படிக்கை நடப்பில் உள்ளது. 2018இல் அந்தமானையும் சுமத்திராவின் அச்சே மாநிலத்துச் சாபாங் துறைமுகத்தையும் இணைப்போம் என்று இந்தியாவும் இந்தோனேசியாவும் கூறின. கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலிருந்து இந்தோனேசியக் கரை சுமார் 150 கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தூரம். ஆனால் காம்பெல் பேயிலிருந்து சாபாங்குக்கு ஒழுங்காக ஓடும் கப்பல் ஒன்று கிடையாது. மாமாவின் பாக்கு வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அவர் தின்னும் வெங்காயம் அதே தூரம் சுற்றி வர வேண்டும். நம் நாட்டுக்கு உரிய கடற்பொருளாதார மண்டலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு எங்கள் தீவுகளைச் சுற்றியே உள்ளது. சூரை மீன் நிறைந்த கடல் அது. பிடித்த மீனைக் காக்கக் குளிர்கிடங்கு போதாது.

வட்டார இணைப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், 41,000 கோடியில் அன்று. ஒரு நடுத்தரக் கப்பலில், ஒரு சுங்கச் சாவடியில், ஒரு குளிர்கிடங்கில், ஒரு நல்ல மருத்துவமனையில் என்பேன். இவை எதுவும் பெருந்துறைமுகத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. காத்திருக்க வேண்டும் என்று எங்களை நம்பவைத்திருக்கிறார்களே, அதுதான் பெருந்துன்பம். குடிமகனுக்கு உரிமையாக வரவேண்டிய மருத்துவமனையும் கப்பலும் முதலீட்டாளரின் வருகைக்குப் பரிசாக வரும் என்றால், அந்தப் பேரத்தில் நாம் முதலிலேயே தோற்றுவிட்டோம்.

ஆகவே, நான் வேண்டுவன இவை. நிக்கோபாரியரின் உண்மையான இசைவு இல்லாமல் அவர்கள் மண்ணில் ஒரு கல்லும் நடக்கூடாது. துறைமுகத்தின் வாணிகக் கணக்கை, எந்தச் சரக்கு எந்த ஊரிலிருந்து வரும் என்ற விவரத்தோடு, மக்கள் முன் வைக்க வேண்டும். அதன்பின்னும் கட்டுவதாக இருந்தால், வருவாயில் ஒரு பகுதியைத் தீவு மக்களின் நிதியாகச் சட்டமே ஒதுக்க வேண்டும்; அதை ஆள எங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று வேண்டும். இவற்றை இணங்க மறுக்கும் மூலதனம் எங்களிடம் வாணிகம் செய்ய வரவில்லை. எங்கள் வழியாகப் போக வருகிறது.

மாமாவுக்கு நான் எழுதப்போகும் கடிதம் இதுதான்: "மாமா, துறைமுகம் வந்தால் கப்பல் வரும். ஒருநாளைக்குப் பத்துக் கப்பல்கூட வரலாம். ஆனால் அந்தக் கப்பலில் உங்கள் பாக்கு மூட்டையை ஏற்றமாட்டார்கள். அத்தையை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லவும் மாட்டார்கள். அது வேறு கப்பல். அதை நாம் தனியே கேட்டுத்தான் பெறவேண்டும். நிலத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வருவார்களே, அன்றைக்கே கேளுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்பதற்கு நம் கையில் ஒன்றும் இருக்காது."

அவர் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். படித்த பிள்ளைகள் எதையும் வேண்டாம் என்றே சொல்கிறார்கள் என்பார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். வாணிகக் குடும்பத்தில் பிறந்தவன் வேறென்ன சொல்வான்?